வெளியில் சாப்பிடும் முன் கை கழுவுவது எப்படி, எப்போது? ஒரு முழுமையான வழிகாட்டி

உணவகத்துக்குள் நுழைந்ததும் நேராகக் கை கழுவுமிடத்துக்குப் போய்விட்டு வந்து உட்காருவதுதான் சரியான பழக்கம் என்று பலரும் நினைக்கிறோம். அதற்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நாற்காலியை இழுக்கிறோம். ஊரே புரட்டிய மெனு கார்டை நாமும் புரட்டுகிறோம். போனை எடுத்து, வந்திருக்கும் செய்திகளைப் பார்க்கிறோம். மேசை விளிம்பில் கையை ஊன்றிக் கதை பேசுகிறோம். சொன்ன உணவு வந்து சேர்வதற்குள் கழுவிய கை, கழுவாத கையாகிவிடுகிறது. தட்டைத் தொடுவது கடைசியாகப் போனைத் தொட்ட அந்தக் கைதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் எப்படிக் கழுவுவது என்பதோடு, எப்போது கழுவுவது, கழுவியபின் எதையெல்லாம் தொடாமல் இருப்பது என்பதற்கும் நிறையவே இடம் கொடுத்திருக்கிறேன். தேய்க்கும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருப்போம். குழாய்க்கும் தட்டுக்கும் நடுவில் போகும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

வீட்டுக் கதவின் கைப்பிடியைத் தொடுபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொது இடத்துக் கைப்பிடிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கழிவறையிலிருந்து கை கழுவாமல் வெளியே வந்த ஒரே ஒருவர் அதைத் தொட்டிருந்தால் போதும். ஒரு கிராம் மலத்தில் ஒரு லட்சம் கோடி கிருமிகள் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். அதாவது, கண்ணுக்கே தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும் எண்ணிக்கை பெரியது. சில கிருமிகளுக்கோ நம்மைப் படுக்கையில் தள்ள மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோவைரஸ் நூறு துகளுக்கும் குறைவாக உள்ளே போனாலே வேலையைக் காட்டிவிடும். சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவும் அதே ரகம். டைபாய்டும், காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இதே கை–வாய் வழியில் பரவக்கூடியவைதான்.

2011-இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. தன்னார்வலர்களைப் பொது இடங்களில் கதவுக் கைப்பிடி, படிக்கட்டுக் கம்பி போன்றவற்றைத் தொட்டுவிட்டு வரச் சொன்னார்கள். பிறகு சிலமுறை கழுவாமலும், சிலமுறை வெறும் தண்ணீரிலும், சிலமுறை சாதாரண சோப்பு போட்டும் கழுவவைத்துச் சோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்திலிருந்து வரும் வகை பாக்டீரியாக்கள் இருந்தன. தண்ணீரில் மட்டும் கழுவியபோது அது 23 சதவீதமாகவும், சோப்பு போட்டபோது 8 சதவீதமாகவும் இறங்கியது. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு தீர்ந்துபோன இடத்தில் மாட்டிக்கொள்ளும்போது, ‘வெறும் தண்ணீரில் கழுவி என்ன ஆகப்போகிறது’ என்ற அலுப்புக்கு இதில் பதில் இருக்கிறது. ஏறக்குறையப் பாதி போகும்.

போதாததற்கு, நம் கை சும்மா இருப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வகுப்பில் வீடியோ எடுத்துக் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவர் சராசரியாக மணிக்கு 23 முறை தம் முகத்தைத் தொட்டார். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தடவை கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களில் கை போயிருந்தது. கிருமிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கே இந்த நிலை.

நேரம் ஏன் முக்கியம்: வியன்னாவின் கதை

எப்போது கழுவுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம் இக்னாஸ் செம்மல்வைஸ். வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் வேலை பார்த்த ஹங்கேரிய மருத்துவர். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்துக்கொண்ட பிரிவைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை செம்மல்வைஸ் கவனித்தார். 1847 மே மாதத்தில், பிரசவப் பிரிவுக்குள் வருகிறவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டுத்தான் நோயாளியைத் தொட வேண்டும் என்று விதி வைத்தார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் குளோரினைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவர் கழுவச் சொன்ன இடம் முக்கியமாகப் படுகிறது. அந்த மருத்துவர்கள் அழுக்குக் கையோடு திரிந்தவர்கள் அல்லர். சோப்பு போட்டுக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள்தான். அசுத்தமான வேலை முடிந்து சுத்தமாக இருக்க வேண்டிய வேலை தொடங்கும் அந்த எல்லையில் அவர் கரைசலை வைத்தார். மருத்துவமனைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை வரையறுத்துத்தான் பேசுகிறது. நமக்கு அந்த எல்லை, முதல் கவளத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது.

படி 1: கிளம்பும் முன்

நகத்தை ஒட்ட வெட்டியிருந்தால் வேலையில் பாதி முடிந்த மாதிரி. கையில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பங்கு நகக்கண்ணுக்குள்தான் குடியிருக்கிறது. நீள நகத்தின் அடியில் சோப்பும் தண்ணீரும் சரியாகப் போய்ச் சேராது. செயற்கை நகம் ஒட்டியிருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். மோதிரத்தின் அடியிலும் அதே கதை. கழற்ற வருகிற மோதிரமாக இருந்தால் கழுவும்போது கழற்றிப் பைக்குள் போடலாம், ஆனால் வாஷ்பேசின் ஓரத்தில் வைக்காதீர்கள். அங்கே வைத்து மறந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். கழற்ற வராததை நுரையோடு அப்படியும் இப்படியும் நகர்த்தித் தேய்த்தாலே போதும்.

விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். பையில் மூன்று பொருள் இருந்தால் எங்கே போனாலும் சமாளிக்கலாம்: ஆல்கஹால் உள்ள சிறிய சானிடைசர், கொஞ்சம் டிஷ்யூ அல்லது துவைத்த கைக்குட்டை, காகித சோப்பு. காகித சோப்பைச் சிலர் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் மட்டும் இருந்து சோப்பு இல்லாத கழிவறைகள் எத்தனை என்று யோசித்தால், அதைவிடப் பயனுள்ள பொருள் பைக்குள் வேறொன்று இருக்க முடியாது. ஈரக் கையோடு எடுத்தால் மொத்தத் தாளும் ஒட்டிக்கொள்ளும். கையை நனைக்கும் முன்பே ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சானிடைசர் வாங்கும்போது வாசனையைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். பையின் அடியில் வருடக் கணக்கில் கிடக்கும் குப்பியில் எவ்வளவு ஆல்கஹால் மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

படி 2: தொட வேண்டியதையெல்லாம் முதலில் தொட்டு முடியுங்கள்

உணவகத்துக்குள் போனதும் இடம் பிடியுங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பையை வையுங்கள், மெனுவைப் பாருங்கள், வேண்டியதைச் சொல்லுங்கள். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுக்கும் இடம் என்றால் அதையும் முடியுங்கள். டச் ஸ்கிரீனில் ஆர்டர் கொடுத்து முன்பே பணம் கட்டும் இடமாக இருந்தால் அதையும்தான். வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டுமென்றால் இப்போதே பேசிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைக்காமல் பைக்குள் போடுங்கள். கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

இப்போது எழுந்து போங்கள், கை கழுவ. உணவு வர எவ்வளவு நேரமாகும் என்று ஆர்டர் எடுப்பவரிடம் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ‘பத்து நிமிடம்’ என்றால் ஏழெட்டு நிமிடம் கழித்து எழுந்தால் போதும். தனியாகப் போனவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: இடத்தையும் பையையும் யார் பார்த்துக்கொள்வது? பையைக் கையோடு எடுத்துப் போங்கள், வந்தபின் அதைத் திறக்காதீர்கள். வேறு வழியில்லாமல் திறந்துவிட்டால் அதற்குத்தான் சானிடைசர்.

கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால் அதையும் இதே நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கழுவத் தேவையில்லை.

படி 3: கழுவும் முறை

முதலில் கையை நனைத்துவிட்டு அதன்பின் சோப்பு போடுங்கள். காய்ந்த தோலில் நேராகச் சோப்பு பட்டால் எரிச்சல் வரும், நுரையும் சரியாகப் பரவாது. நனைந்ததும் குழாயை மூடிவிடுங்கள். சோப்பு போட்ட கையை ஓடும் தண்ணீருக்கு அடியிலேயே வைத்துத் தேய்ப்பவர்கள் நிறைய. நுரை வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்பே தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

நுரை என்ன செய்கிறது என்று தெரிந்தால் நிதானமாகத் தேய்க்கத் தோன்றும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், இன்னொரு முனை எண்ணெயோடு ஒட்டும். தோலின் எண்ணெய்ப் பசையில் சிக்கியிருக்கும் அழுக்கையும் கிருமியையும் அது சூழ்ந்து பெயர்த்தெடுக்கிறது. கொழுப்பாலான மேலுறை கொண்ட இன்ஃப்ளுயன்ஸா, கொரோனா போன்ற வைரஸ்களின் உறையை அது கிழித்தும் விடும். நோரோவைரஸுக்கு அப்படி ஓர் உறையே கிடையாது. அது சோப்பில் சாகாது; தேய்ப்பில் பெயர்ந்து, தண்ணீரில் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே தேய்ப்பது எவ்வளவு முக்கியமோ, கடைசியில் நன்றாக அலசுவதும் அவ்வளவு முக்கியம்.

தேய்க்கும் வரிசை இப்படி இருக்கட்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை. பிறகு ஒரு கையின் உள்ளங்கையை மற்றதன் புறங்கையில் வைத்து, விரல்களை இடுக்குகளில் கோத்துத் தேய்ப்பது. அதையே கை மாற்றி. உள்ளங்கைகளைச் சேர்த்து விரல்களைக் கோத்து மீண்டும் ஒருமுறை. விரல்களை மடக்கி, அவற்றின் பின்பக்கத்தை எதிர்க் கையின் உள்ளங்கையில் தேய்ப்பது. இதற்கு அடுத்த இரண்டிலும் கொஞ்சம் நில்லுங்கள். கட்டைவிரலை மற்றக் கையால் முழுதாகப் பற்றி, ஜாடியின் மூடியைத் திருகுவதுபோல் அடிவரை சுழற்றித் தேய்க்க வேண்டும். பிறகு ஐந்து விரல் நுனிகளையும் குவித்து எதிர் உள்ளங்கையின் குழிவில் வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் நகக்கண்ணுக்குள் நுரை போகும். கடைசியாக மணிக்கட்டு.

அந்த இரண்டில் ஏன் நிற்கச் சொல்கிறேன் என்றால், 1978-இல் பிரிட்டனில் செவிலியர்களிடம் சாயம் பூசிக் கழுவவைத்துச் செய்த ஆய்வில் அடிக்கடி விட்டுப்போன இடங்கள் கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு ஆகியவையே. மேலே சொன்ன வரிசைக்கு அடிப்படையான ஆறு படி முறையைப் பிரிட்டனின் நுண்ணுயிரியலாளர் கிரகாம் எய்லிஃப் குழுவினர் வெளியிட்டதும் அதே ஆண்டுதான். உணவை எதால் எடுக்கிறோம்? அதே கட்டைவிரலாலும் விரல் நுனிகளாலும்தான். உள்ளங்கையை மட்டும் உரசிவிட்டு வருவது, வாய்க்குப் போகாத இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு வாய்க்குப் போகிற இடத்தை விட்டுவிடுவதாகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலக்கையால் இடக்கையை நன்றாகத் தேய்த்துவிடுவார்கள், வலக்கைக்குத்தான் போதிய தேய்ப்பு கிடைக்காது. எந்தக் கையால் சாப்பிடுகிறீர்களோ அதற்கு இரண்டு சுற்று கூடுதலாகக் கொடுங்கள்.

எவ்வளவு நேரம்? சோப்போடு தேய்ப்பது குறைந்தது 20 விநாடி. நனைப்பதிலிருந்து துடைப்பது வரை எல்லாம் சேர்த்து 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். விநாடியை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். மேலே சொன்ன எல்லா இடத்தையும் தொட்டு வந்தாலே இருபது விநாடி ஆகிவிடும்.

வெந்நீர் வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில் 15, 26, 38 டிகிரி செல்சியஸ் தண்ணீரை ஒப்பிட்டார்கள், பாக்டீரியாவை நீக்குவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கிருமியைக் கொல்லும் சூட்டில் நம் தோலும் வெந்துவிடும்.

‘ஆன்டிபாக்டீரியல்’ என்று எழுதிய சோப்பைத் தேடி அலையவும் தேவையில்லை. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்கள் சேர்ந்த வீட்டு உபயோகக் கை சோப்புகளை விற்கக் கூடாது என்று அறிவித்தது. அவை சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட நன்றாக வேலை செய்கின்றன என்றோ, தினமும் நீண்ட நாள் பயன்படுத்தினாலும் பாதுகாப்பானவை என்றோ தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். கட்டி சோப்பு கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள்; எடுத்ததும் ஓடும் தண்ணீரில் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். எனக்கு அதைவிடச் சந்தேகம் வருவது, திறந்த குப்பியில் பழைய சோப்பின் மேலேயே புதிதை ஊற்றி, தண்ணீரையும் கலந்து நிரப்பிக்கொண்டே போகும் திரவ சோப்பின் மேல்தான். அப்படிப்பட்ட குப்பிக்குள்ளேயே பாக்டீரியா வளரும். நாற்றமடித்தாலோ, தண்ணீர்போல் நீர்த்துக் கிடந்தாலோ உங்கள் காகித சோப்பை எடுங்கள்.

அலசி முடித்ததும் திருகு குழாயாக இருந்தால் ஒரு சிக்கல் வரும். அழுக்குக் கையால் திறந்த குழாயைச் சுத்தமான கையால் மூட வேண்டும். முழங்கையால் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். இல்லையென்றால் கையைத் துடைத்த டிஷ்யூவாலேயே பிடித்து மூடுங்கள்.

படி 4: துடைப்பது

இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கையை இரண்டு உதறு உதறி, உடையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஈரக் கை காய்ந்த கையைவிட அதிகமாகக் கிருமிகளை வாங்கும், அதிகமாகக் கொடுக்கவும் செய்யும். ஈரத்தோடு கதவைத் தொட்டால் அங்கே இருப்பதெல்லாம் எளிதாகக் கைக்கு வரும். நாள் முழுக்கப் பேருந்திலும் நாற்காலியிலும் உரசிய உடையில் துடைத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேப்பர் டவல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஈரத்தை உறிஞ்சுவதோடு, உரசலில் மிச்சமிருக்கும் கிருமிகளையும் கொஞ்சம் எடுத்துப்போகும். காற்றில் உலர்த்தும் கருவி என்றால் முழுதாகக் காயும்வரை நிற்க வேண்டும், பாதியில் கிளம்பினால் பயனில்லை. எல்லோரும் துடைக்கும் பொதுத் துணித் துண்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதற்கு உங்கள் கைக்குட்டை எவ்வளவோ மேல், ஆனால் அது காலையிலிருந்து மூக்கைத் துடைத்த கைக்குட்டையாக இருக்கக் கூடாது. எதுவுமே இல்லாவிட்டால் கையை உயர்த்திப் பிடித்துக் காற்றில் காயவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி தெரியும், பரவாயில்லை.

படி 5: குழாயிலிருந்து தட்டு வரை

கழிவறைக் கதவை வெளிப்பக்கம் தள்ளலாம் என்றால் தோளாலோ முழங்கையாலோ தள்ளுங்கள். உள்பக்கம் இழுக்க வேண்டியதாக இருந்தால், கையைத் துடைத்த டிஷ்யூவை எறியாமல் வைத்திருந்து அதனால் கைப்பிடியைப் பிடியுங்கள். மேசைக்கு வந்ததும் நாற்காலியைக் காலாலோ முழங்காலாலோ சரிசெய்து உட்காரலாம். நீங்கள் எழும்போதே அதை உட்கார வசதியாக விட்டுவிட்டு வந்திருந்தால் அந்த வித்தையும் தேவைப்படாது.

கண்டம் அதற்குப் பிறகுதான். தட்டு வந்து இறங்கியதும் படம் எடுக்கப் போன் வெளியே வரும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், சாப்பிடாத கையால் எடுங்கள், அல்லது இன்னும் கை கழுவாத நண்பரிடம் சொல்லுங்கள். மேசைமேல் இருக்கும் உப்பு, மிளகுக் குப்பிகளும், சாஸ் பாட்டில்களும் யாரும் கழுவாதவை, எல்லோரும் தொடுபவை. தேவையானதை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மேசையைத் துடைத்துவிட்டார்கள் என்பதற்காக அதை நம்ப வேண்டாம். ஒரே துணி பத்து மேசைக்குப் போய்விட்டு வந்திருக்கலாம். கரண்டியை நேரடியாக மேசைமேல் வைக்காமல் தட்டின் ஓரத்திலோ டிஷ்யூ மேலோ வைப்பது நல்லது.

கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று ஒரு எண்ணம் உண்டு. ரொட்டியைப் பிய்ப்பது, எலும்பைப் பிடிப்பது, விரலை நக்குவது, பல் குத்துவது எல்லாம் கரண்டியாலா நடக்கிறது? கரண்டி ஆபத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

பஃபே முறையில் சாப்பாடு என்றால் கதை வேறு. பரிமாறும் கரண்டியின் காம்பை அரங்கிலுள்ள எல்லோரும் பிடித்திருப்பார்கள். அங்கே கழுவிவிட்டுத் தட்டை நிரப்பப் போவதைவிட, தட்டை நிரப்பிவிட்டுச் சாப்பிடும் முன் கையைச் சுத்தம் செய்வதே சரி. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்: முதலாவது மற்றவர்களுக்காக, இரண்டாவது உங்களுக்காக. ஒவ்வொரு முறை எழுந்து போய் எடுத்து வந்தாலும் இதேதான்.

தண்ணீரே இல்லாத இடத்தில்

பயணத்தில், திறந்தவெளியில், நின்றுகொண்டே சாப்பிடும் இடத்தில் சானிடைசர்தான் கைகொடுக்கும். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு இரண்டு தேய் தேய்ப்பது கண்துடைப்பு. உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, மேலே சொன்ன அதே வரிசையில், கட்டைவிரலையும் விரல் நுனிகளையும் விடாமல், தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். 20 முதல் 30 விநாடி ஆகும். அதற்கு முன்பே காய்ந்துவிட்டால் எடுத்த அளவு போதவில்லை என்று பொருள். நடுவில் துடைத்துவிடக் கூடாது.

அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிசுக்கோ மண்ணோ ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. நோரோவைரஸை அது நம்பும்படி அழிப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடமும் அதன் பாச்சா பலிக்காது. உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொட்டை வகைகளின் புரதத்தைச் சானிடைசர் நீக்காது, கையில் அப்படியே பரப்பிவிடும். அதற்குச் சோப்பும் தண்ணீரும்தான் வழி; அவை கிடைக்காதபோது ஈர டிஷ்யூவால் துடைத்தெடுக்கலாம்.

கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தால், நான் சானிடைசரைவிட அதையே தேர்ந்தெடுப்பேன். ஒருவர் ஊற்ற, ஒருவர் கழுவலாம். கை நனையும் அளவுக்குக் கொஞ்சம், காகித சோப்பு, நிதானமான தேய்ப்பு, அலச மெல்லிய ஒழுக்காக மீதி. சிறிய பாட்டில் ஒன்று ஒருவருக்குத் தாராளமாகப் போதும். கை மிகவும் பிசுபிசுப்பாக இருந்து தண்ணீரும் இல்லையென்றால், முதலில் ஈர டிஷ்யூவால் அழுக்கை எடுத்துவிட்டு, கை காய்ந்ததும் சானிடைசர் போடுங்கள். அதுவும் கிடைக்காத இடத்தில், உணவைச் சுற்றிக் கொடுத்த காகிதத்தோடேயே பிடித்துச் சாப்பிட்டு, விரல் பட்ட கடைசித் துண்டை விட்டுவிடலாம்.

குழந்தைகள், பெரியவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள்

குழந்தைகளை எல்லோருக்கும் கடைசியாகக் கழுவவையுங்கள். முதலில் கழுவிவிட்டால், உணவு வருவதற்குள் மேசைக்கு அடியில் போய்வந்துவிடுவார்கள். ‘போய்க் கழுவிட்டு வா’ என்று அனுப்பினால் தண்ணீரில் கையைக் காட்டிவிட்டு ஓடிவருவார்கள். கூடவே நின்று, உங்கள் கையையும் அவர்கள் கண்ணெதிரே கழுவுங்கள். பேசின் எட்டாத குழந்தையைத் தூக்கிப் பிடிக்கும்போது அதன் வயிறு பேசின் விளிம்பில் நசுங்கும், அதனால்தான் அவசரப்படும். உங்கள் முழங்காலை மடக்கி அதன்மேல் நிற்கவைத்தால் பொறுமையாகத் தேய்க்கும். விரல் சூப்பும் குழந்தைக்கு உணவு வருமுன் மேசையின் முன்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள்.

கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: கழுவியபின் மேசைக்குத் திரும்பி வரவே அதைத் தொட்டாக வேண்டும். சக்கரத்தின் விளிம்பு தரையில் உருண்டதோடு ஒட்டியே இருக்கிறது. இவர்களுக்கு மேசையில் உட்கார்ந்தபின் சானிடைசரோ, சோப்பு நீரில் நனைத்த டிஷ்யூவும் அலச இன்னொன்றும் கொடுப்பதோ வசதி.

உங்களுக்கே வயிற்றுப்போக்கு இருந்து சரியாகியிருந்தால், கழிவறைக்குப் பிறகு கழுவுவதில் மறுபேச்சு கூடாது. நோரோவைரஸ், உடம்பு தேறியபின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிடுவதைத் தள்ளிப்போடுவது நாகரிகம்.

அளவுக்கு மீறினால்

ஒரு நாளில் பலமுறை கழுவித் தோல் வறண்டு வெடித்தால், அந்த வெடிப்புகளில் கிருமி தங்கும், எரிச்சலால் கழுவவும் மனம் வராது. வாசனையில்லாத கிரீமை இரவில் தடவுங்கள். தட்டுக்கும் குழாய்க்கும் நாலு முறை நடந்தும் மனம் அடங்கவில்லை, வெளியில் சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால் அது சோப்பால் தீருகிற விஷயமில்லை. மனநல மருத்துவரிடம் பேசலாம்.

சாப்பிட்டு முடித்தபின்

பிசுக்கு இருப்பதால் இந்தக் கழுவலை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது போன். நடுவில் பிசுக்கு விரலால் தொட்டிருப்போம், வீடு வந்து அதையே தலையணைக்குப் பக்கத்தில் வைப்போம். போனை அணைத்துவிட்டு உறையைக் கழற்றுங்கள். 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் உள்ள துடைப்பானால் திரையையும் பின்பக்கத்தையும் துடையுங்கள். எதையும் நேரடியாகத் தெளிக்காதீர்கள், சார்ஜ் துளைக்குள் ஈரம் போகக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறையைத் தனியாகச் சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள்.